கம்ப்யூட்டரிலேயே மருந்து கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, அப்புறம் ஆய்வகம் எதற்கு?

நான் பார்ப்பது அந்த வேலைதான். கம்ப்யூட்டர் மருந்தைக் கண்டுபிடித்துக் கையில் தருவதில்லை, ஆகாததைக் கழித்துக் கட்டும், அவ்வளவுதான். மிச்சம் இருப்பதில் எது தேறும் என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

நான் புழங்குவது ஜிபிசிஆர் என்ற ரிசெப்டர் குடும்பத்தோடு. செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் குத்திட்டு நிற்கும் புரதங்கள், மனித உடலில் 800 வகைக்கு மேல் உண்டு, புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இவற்றைத்தான் குறிவைக்கிறது. வெளிப்பக்கக் குழியில் ஒரு மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் உள்பக்கம் லேசாக விரிந்து, செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி புரதத்தை உசுப்பும், பிறகு அரெஸ்டின் என்ற இன்னொரு புரதத்தையும் இழுத்துக்கொள்ளும்.

வலி மருந்தான மார்ஃபின் உட்காரும் மியூ ஓபியாய்டு ரிசெப்டரை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் இந்தக் குடும்பம்தான். அதன் முப்பரிமாண வடிவம் 2012இல் வெளியானது. 2016இல் வந்த ஆய்வில் 30 லட்சத்துக்கும் அதிகமான மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டரிலேயே அந்தக் குழியில் பொருத்திப் பார்த்தார்கள், இதைத்தான் டாக்கிங் என்கிறோம். கம்ப்யூட்டர் தந்த மதிப்பெண்ணில் முன்னால் வந்த ஏறக்குறைய 2,500ஐ மனிதர்கள் உட்கார்ந்து கண்ணால் பார்த்து, 23ஐ மட்டும் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒட்டியது 7, அதுவும் சுமாராகத்தான். அந்த ஏழில் ஒன்றைச் செதுக்கிச் செதுக்கி வந்ததுதான் பிஇசட்எம்21 என்ற மூலக்கூறு.

கண்ணால் என்ன பார்ப்போம் என்றால், குழிக்குள், புரதச் சங்கிலியின் 147ஆவது இடத்தில், எதிர்மின்னேற்றத்தோடு அஸ்பார்ட்டேட் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, மூலக்கூறின் நைட்ரஜன் நேர்மின்னேற்றத்தோடு அதைப் பிடித்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். இதே ரிசெப்டரில் ஒருமுறை நான் நைட்ரஜன்களுக்கு ஹைட்ரஜன் சேர்க்காமலே, அதாவது மின்னேற்றம் இல்லாமலே, டாக்கிங்கை ஓட்டிவிட்டேன். இரண்டு வாரம் ஓடி முடிந்த பிறகு பார்த்தால் பட்டியலின் உச்சியில் அஸ்பார்ட்டேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காத மூலக்கூறுகள். கம்ப்யூட்டர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை, அதன் கணக்குப்படி எல்லாம் சரி!

பிஇசட்எம்21 கதைக்கு வருகிறேன். மார்ஃபின் மூச்சை அடக்குவது அரெஸ்டின் வழியாகத்தான் என்று அப்போது நினைத்தார்கள். பிஇசட்எம்21 அரெஸ்டினை அவ்வளவாகக் கூப்பிடாது, அதனால் வலி குறையும், மார்ஃபின் மாதிரி மூச்சை அடக்காது என்று பெரிய எதிர்பார்ப்பு. 2018இல் வேறொரு குழு சுண்டெலிகளில் சோதித்தபோது மூச்சு குறையத்தான் செய்தது. ரிசெப்டரைத் தூண்டும் திறனே அதற்குக் குறைவு, அரெஸ்டின் பக்கம் ஒன்றும் தெரியாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்ற விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. இதில் டாக்கிங் யாரையும் ஏமாற்றவில்லை. ஒட்டும் என்றது, ஒட்டியது. ஒட்டிய பிறகு செல்லும் உடம்பும் என்ன செய்யும் என்று அதனிடம் யாரும் கேட்கவே இல்லை, கேட்டிருந்தாலும் அதற்குத் தெரியாது.

இப்போது எண்ணிக்கை இன்னும் எகிறிவிட்டது. 2019இல் இதே குடும்பத்து டோபமைன் டி4 ரிசெப்டரில் 13.8 கோடி மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்த்தார்கள். அப்போதும் 549ஐ நிஜமாகவே தயாரித்துச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.