வீடு வேண்டும் என்று ஜெபிப்பதும் பொருளாசைதானா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் வியாசர்பாடியில் வாடகைக்கு இருக்கிறார். சொந்த வீடு வேண்டும் என்று கணவனும் மனைவியும் மூன்று வருடமாக ஜெபிக்கிறார்கள். போன மாதம் ஒரு பிரசங்கத்தில் "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்ற வசனத்தைக் கேட்டதிலிருந்து மனசு உறுத்துகிறதாம். வீடு கேட்பது பேராசையா? இருப்பதே போதும் என்று உட்கார்ந்துவிட்டால் பிள்ளைகள் எப்படி முன்னுக்கு வருவார்கள்?

நான் ஊழியக்காரன் இல்லை. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் 26 வருடமாக வேலை. பொருளாசையில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

உங்களை உறுத்திய வசனம் 1 தீமோத்தேயு 6:10. பணத்தையா சொல்கிறது, பண ஆசையையா என்ற வியாக்கியானத்தை ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். அதே அதிகாரத்தில் இன்னும் ஏழு வசனம் தள்ளிப் போங்கள். அங்கே அந்த நிருபத்தை எழுதிய பவுல் பணக்காரர்களுக்குத் தனியாகப் புத்தி சொல்கிறார். எல்லாவற்றையும் விற்றுவிடு என்று சொல்லவில்லை. நிலையில்லாத ஐசுவரியத்தை நம்பாதே, தாராளமாகக் கொடு என்கிறார். நாம் "அநுபவிக்கிறதற்கு" தேவன் சகலவித நன்மைகளையும் கொடுக்கிறார் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அநுபவிக்க. ஒண்டுக்குடித்தனத்தில் தண்ணீர்க் குடத்துக்கு வரிசை நிற்காமல் ஒரு குழாயைத் திறந்து குளிப்பதும் அதில் சேரும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்படியானால் எது பொருளாசை? புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்குப் பிளியோனெக்சியா என்று ஒரு சொல். 'இன்னும் அதிகம் வைத்திருப்பது' என்பதுதான் அதன் வேர்ப்பொருள். அந்த 'இன்னும்' எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சொல்லிலேயே வரம்பு இல்லை. கொலோசெயர் 3:5 அதை விக்கிரகாராதனை என்று ஒரே போடாகப் போடுகிறது. நமக்குத் தமிழில் இன்னொரு சிக்கல், தேவைக்கும் ஆசைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் வேண்டும், தங்கம் வேண்டும், இரண்டுமே 'வேண்டும்'. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்று சொல்லும்போது வாய் ஒரு வேண்டுதலையும் மனசு இன்னொரு வேண்டுதலையும் சொல்லிக்கொண்டிருக்கும். என் அனுபவம் அது.

என் ஆயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மாவைப் பெற்ற ஆயா. காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியக் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றவர். ராயபுரம் இராயப்பர் கோயில்தான் அவருக்கு எல்லாம். ராயபுரம் என்ற பெயரே அந்த இராயப்பர் பெயரில் வந்தது என்பார்கள். இராயப்பர் என்றால் பேதுரு. தேவாலய வாசலில் பிச்சை கேட்டவனிடம் "வெள்ளியும் பொன்னும் என்னிடத்திலில்லை" என்று சொன்னவர். அவர் பெயரில் ஒரு பேட்டை, கொஞ்ச தூரத்திலேயே சவுகார்பேட்டையில் தெரு முழுக்க வெள்ளியும் பொன்னும். நம் பக்கத்து வேடிக்கை இது.

ஆயா வீட்டில் ஓர் இரும்புப் படி இருந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்கிற பழைய மெட்ராஸ் படி. ஒரு பக்கம் நசுங்கி, விளிம்பு தேய்ந்து பளபளவென்று இருக்கும். சாயங்காலம் உலைக்கு அரிசி எடுக்கும்போது படியை நிரப்பி, உள்ளங்கையால் மேலே வழித்துத் தலைதட்டித்தான் அளப்பார். பக்கத்து வீட்டு அக்கா கைமாத்தாக அரிசி கேட்டு வந்தால், அதே படியில் கோபுரம் போலக் குவித்து, ஓரத்தில் சிந்தச் சிந்த அவர் முந்தானையில் கொட்டுவார். சின்னப் பையனாக எனக்கு அது பொறுக்கவில்லை. "ஏன் ஆயா அவங்களுக்கு மட்டும் நெறைய?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"நம்ம பசி நமக்குத் தெரியும்டா. அவங்க வூட்ல எத்தினி பேருக்குப் பசின்னு எனக்கு இன்னா தெரியும்?"

நல்ல வியாபாரம் நடந்த நாளில் "இன்னிக்குப் படி கெடச்சிடுச்சு" என்பார். கடைசிக் கூறு மீனை விலை பேசாமல் யாருக்காவது கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ஆசையே இல்லாத மனுஷி என்று நினைத்துவிடாதீர்கள். மூக்குத்தி என்றால் உயிர். எம்.சி. ரோட்டில் புடவைக் கடை வாசலில் நின்றால் கையைப் பிடித்து இழுத்தால்தான் நகர்வார். அம்மா கல்யாணத்துக்குக் கம்மல் செய்ததே சீட்டுக் கட்டித்தான். எல்லா ஆசையும் இருந்தது. ஆனால் படியும் இருந்தது.

பைபிளில் இதே படியை வைத்து ஒரு ஜெபம் இருக்கிறது. நீதிமொழிகள் 30-ஆம் அதிகாரம், ஆகூர் என்பவர் சொன்னது. "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக" என்று தொடங்கி, "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று முடிகிறது. காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். அதிகம் வந்தால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், இல்லாமல் போனால் திருடிவிடுவேன். வறுமையைப் புனிதம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. தன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்த மனிதர்.

ஆனால் இந்த வசனத்தை யார் வீட்டுச் சுவரிலாவது பார்த்திருக்கிறீர்களா? சட்டம் போட்டு மாட்டியிருப்பதெல்லாம் பழைய ஏற்பாட்டில் வரும் யாபேஸ் என்பவரின் ஜெபம், "என் எல்லையைப் பெரிதாக்கி." டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதில் ஆகூருக்கு எத்தனை வருடமானாலும் இடம் கிடைக்காது. "பெருகப்பண்ணுவேன்" என்று வந்தால் முகம் மலரும். "பொறுமையாயிரு" என்று வந்தால் பக்கத்து சீட்டுக்காரர் அட்டையை எட்டிப் பார்ப்போம். நானும் எட்டிப் பார்த்தவன்தான். ஆட்டோ முதுகில் எழுதும் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" கூட பிலிப்பியர் 4-இல் 13-ஆம் வசனம். அதற்கு முந்தைய வசனத்தில் பவுல் தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும் என்கிறார், அதுவும் காவலில் இருந்துகொண்டு. அதை யாரும் ஆட்டோவில் எழுதுவதில்லை. எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் "கற்றுக்கொண்டேன்" என்பதும் அங்கேதான் வருகிறது. அவருக்கும் அது பிறவிக் குணம் இல்லை, கற்க வேண்டியிருந்தது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

இப்போது என் கதை. 2021-இல் சபையில் என்னோடு பாடல் குழுவில் பாடும் ஒருவர் ஒரு கம்பெனியைப் பற்றிச் சொன்னார். பெயர் வேண்டாம், இரண்டு பேர் பெயரும் வேண்டாம். பணம் போட்டால் மாதம் பத்து சதவீதம். வருடத்துக்கு இல்லை, மாதத்துக்கு. பத்திரம், கஸ்டம்ஸ் டியூட்டி என்று நாள் முழுக்கச் சதவீதக் கணக்கே போடுகிற எனக்கு இது நடக்காது என்று தெரியாதா? தெரியும். ஆனால் அவர் "கர்த்தர் திறந்த வாசல்" என்றார், நான் கால்குலேட்டரை மூடிவிட்டேன். வீட்டு அட்வான்ஸுக்குச் சேர்த்திருந்த 3 லட்சத்தைப் போட்டேன். மனைவியிடம் போட்ட பிறகுதான் சொன்னேன்.

நான்கு மாதம் முப்பதாயிரம் முப்பதாயிரமாக வந்தது. அந்த நான்கு மாதத்தில் எனக்கு என்ன ஆனது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அதுவரை 600 சதுர அடியில் ஒரு ஃபிளாட் என்பதுதான் எங்கள் கனவு. முதல் மாதம் அது 800 ஆனது. மூன்றாவது மாதம் பெரம்பூரில் லிஃப்ட் வைத்த வீடு பார்க்கப் போனோம். லிஃப்ட் இல்லாமல் 40 வருடம் மாடி ஏறியவன், லிஃப்ட் இல்லாத வீட்டை "இதெல்லாம் ஒரு வீடா" என்றேன். மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஐந்தாவது மாதத் தொடக்கத்தில் அவள் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தோம். வளையல் சுலபத்தில் வரவில்லை, சமையலறைச் சிங்க்கில் சோப்பு நுரை போட்டுக் கழற்றினாள். நகைக்கடன் கவுன்டரில் மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றாக உரைகல்லில் தேய்த்து, ஒரு சொட்டு அமிலம் விட்டு, கோடு மங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். எட்டு பவுன், 2 லட்சம். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, வளையல் இருந்த இடத்தில் வெளுத்திருந்த தோலை அவள் இன்னொரு கையால் மூடிக்கொண்டிருந்தாள். அந்தப் பணத்தையும் போட்டோம். ஒரே ஒருமுறை ஐம்பதாயிரம் வந்தது. அப்புறம் ஆபீஸ் பூட்டு, போன் ஸ்விட்ச் ஆஃப், குற்றப் பிரிவு போலீஸ் வாசலில் எங்களைப் போல வரிசை. கழித்துப் பார்த்தால் போனது 3 லட்சத்து 30 ஆயிரம்.

லூக்கா 12-இல் இயேசு சொல்லும் ஐசுவரியவான் உவமையை அதற்குப் பிறகு வேறு மாதிரி வாசித்தேன். நல்ல விளைச்சல், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப் போகிறேன் என்கிறான். அன்று ராத்திரியே சாகிறான். இத்தனை வருடம் அவன் தப்பு களஞ்சியம் என்று நினைத்திருந்தேன். கதையில் அவன் வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. தன் ஆத்துமாவோடு தானே பேசி, தானே முடிவெடுத்து, தனக்கே "இளைப்பாறு" என்று சொல்லிக்கொள்கிறான். நானும் பாங்க் ஆப்பில் ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்துதான் அந்த 3 லட்சத்தை அனுப்பினேன்.

'போதும்' என்றால் முன்னேற்றம் நின்றுவிடும் என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற ஆகாரம் விழுந்தபோது தினமும் காலையில் எழுந்து பொறுக்கத்தான் வேண்டியிருந்தது, வாயில் வந்து விழவில்லை. தலைக்கு ஒரு ஓமர் அளவு. விடியும்வரை வைக்க வேண்டாம் என்று சொல்லியும் சிலர் வைத்தார்கள், பூச்சி பிடித்து நாறியது. ஆறாம் நாள் மட்டும் இரண்டு பங்கு, ஏழாம் நாளுக்காக. அப்படிச் சேர்த்து வைத்தது நாறவில்லை என்பதையும் யாத்திராகமம் 16 சொல்கிறது. ஆக, பிள்ளைகள் படிப்புக்கும் வீட்டுக்கும் சேமிப்பது நாறும் மன்னா இல்லை. நம் காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அதிகாரம்தான் ஞாபகம் வரும். மீன் இனம் பெருகட்டும் என்று போட்ட தடை. கஷ்டம்தான், அந்த இரண்டு மாதம் கடன் வாங்காத வீடு அங்கே குறைவு. அளவு என்றால் வலிக்கும், யாருக்கும் அது சும்மா வருவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வரும். 'போதுமென்கிற மனது' என்பதை அடுத்தவனுக்குச் சொல்லும் ஆட்கள். அப்பாவைப் பெற்ற தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். அந்த மில் தொழிலாளர்கள்தான் 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கக் காரணம். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அவர்களைப் பார்த்துப் 'போதும்' என்று சொல்வதற்கு பைபிளில் இடம் இல்லை. கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்வது முதலாளியைப் பார்த்து. உங்கள் வீட்டுக்காரர் ஒழுகும் கூரையைச் சரிபண்ணாமல் வாடகையை மட்டும் ஏற்றினால், அங்கே திருப்தியைக் கற்றுக்கொள்ள வேண்டியவர் நீங்கள் இல்லை. தலைதட்டிய படி எனக்கு, குவித்த படி அடுத்தவருக்கு. ஆயாவின் கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டு அதற்கு வசனமும் காட்டுவது எனக்குப் பொறுக்காது.

சரி, உங்கள் வீடு. தாராளமாகக் கேளுங்கள். இரண்டு பேருமாகக் கேட்கிறீர்கள் என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எவ்வளவு என்பதையும் ஜெபத்திலேயே சொல்லிவிடுங்கள். அளவைச் சொல்லாமல் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கட்டும்போதெல்லாம் ஜெபமும் சேர்ந்து வளரும். எங்கள் நகையை இரண்டரை வருடம் கழித்து மீட்டோம். வளையல் இப்போது அவள் கைக்கு ஏறவில்லை, மகள் போட்டுக்கொள்கிறாள். ஆயாவின் படி எங்கள் அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது. வீட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஆண்டவரிடம் 600 சதுர அடி என்று சொல்லியிருக்கிறேன். மனைவி 650 என்கிறாள், அவளுக்குத் தையல் மெஷின் போட ஓர் இடம் வேண்டுமாம். அந்த ஐம்பது அடிக்குத்தான் இப்போது வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கிறது.