காப்பி, தூக்கம், மனநல மாத்திரை: கேட்ட கேள்விகளும் என் பதிலும்

மனநல வார்டுல பார்மசிஸ்டா வேலை பாக்குறேன். காப்பி டீ பத்தியும் தூக்கம் பத்தியும் கேள்வி கேளுங்கன்னு சொன்னதும் நிறைய வந்துருச்சு, ஒரே மாதிரி இருந்ததை சேத்துட்டேன். டோஸை கூட்டுங்க குறைங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது உங்க டாக்டர் வேலை. அவர்கிட்ட என்ன கேக்கணும்னு சொல்லலாம்.

கேள்வி: அக்கா, நான் ராத்திரி காப்பி குடிச்சாலும் படுத்த உடனே தூங்கிடுவேன். டிப்ரஷனுக்கு மாத்திரை போடுறேன். காலைல எந்திரிச்சா உடம்பு அடிச்சு போட்ட மாதிரி இருக்கு. காப்பி எனக்கு ஒண்ணும் பண்ணலன்னுதானே அர்த்தம்?

அப்படி சொல்ல முடியாதுங்க. நாம முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளைல அடினோசின்னு ஒண்ணு சேந்துகிட்டே வரும், அதுதான் தூக்கத்தை கூட்டிட்டு வர்றது. காப்பி டீல இருக்குற கஃபீன் போய் அந்த அடினோசின் உக்கார வேண்டிய எடத்துல உக்காந்துக்கும், அவ்ளோதான் அதோட வித்தை. குடிச்சதுல பாதி உடம்பை விட்டு போகவே சராசரியா 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது ரொம்ப மாறும். 2013ல வந்த ஒரு ஆராய்ச்சில படுக்குறதுக்கு 6 மணி நேரம் முன்னாடி 400 மி.கி. கஃபீன் குடுத்து பாத்தாங்க, தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல கொறஞ்சிருக்கு, ஆனா அந்த ஆளுங்களுக்கே அது பெருசா தெரியல. உங்க கதையும் அதா இருக்கலாம், சட்டுனு தூங்கிடுவீங்க, ஆழ்ந்த தூக்கம் கொறஞ்சு போயிருக்கும். டிப்ரஷனே இப்படி ஒரு சோர்வை குடுக்கும்ங்கறதால பழி முழுக்க காப்பி மேலன்னும் சொல்ல மாட்டேன். மதியத்துக்கு மேல குடிக்கிறதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு, ரெண்டு வாரம் கழிச்சு காலைல எப்படி இருக்குன்னு பாருங்க.

கேள்வி: தம்பிக்கு ஸ்கீசோஃப்ரீனியா. க்ளோசபின் எடுக்குறான். நாள் முழுக்க காப்பியும் சிகரெட்டும்தான். இப்ப திடீர்னு ரெண்டையும் ஒரே நாள்ல விட போறேங்குறான். வீட்ல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். சரிதானே?

சந்தோஷப்படுங்க, ஆனா அதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஒரு போன் போட்டுருங்க. இங்க வந்ததுலயே முக்கியமான கேள்வி இதுதான்.

க்ளோசபினையும் கஃபீனையும் கல்லீரல்ல உடைக்கிறது பெரும்பாலும் ஒரே என்சைம், பேரு சிஒய்பி1ஏ2. சிகரெட் புகை அந்த என்சைமை முடுக்கி விடும், அதனால புகை பிடிக்கிறவங்க ரத்தத்துல க்ளோசபின் கம்மியா இருக்கும், டாக்டரும் அதுக்கு ஏத்த மாதிரி டோஸை ஏத்தி வச்சிருப்பாங்க. சிகரெட்டை விட்டதும் கொஞ்ச நாள்லயே என்சைம் மந்தமாகி, மாத்திரை அதே அளவுதான் இருக்கும், ரத்தத்துல லெவல் மட்டும் ஏறிடும். அளவுக்கு மீறின தூக்கம், எச்சில் ஒழுகுறது, மலச்சிக்கல் முத்துறது, தள்ளாட்டம், ரொம்ப ஏறிட்டா வலிப்பு கூட வரலாம். நிக்கோட்டின் பேட்ச் ஒட்டுனாலும் இதேதான், ஏன்னா என்சைமை முடுக்குறது நிக்கோட்டின் இல்ல, புகைல இருக்குற மத்த ரசாயனம்.

காப்பி நேர் எதிர்ப்பக்கம். நிறைய காப்பி குடிச்சா கஃபீன் அந்த என்சைமை பிடிச்சு வச்சுக்கும், க்ளோசபின் லெவல் ஏறும். காப்பியை படார்னு நிறுத்துனா லெவல் எறங்கும், சிலருக்கு நல்லாவே எறங்கும், அப்ப அடங்கியிருந்த, காதுல கேக்குற குரல், சந்தேகம் எல்லாம் திரும்ப தலைதூக்கலாம். ரெண்டையும் ஒண்ணா விட்டா ஒண்ணுக்கொண்ணு சரியா போயிரும்னு கணக்கு போடாதீங்க, எந்த பக்கம் சாயும்னு பிளட் லெவல் பாத்தாதான் தெரியும். ஒலான்சபின்ங்கற மாத்திரை எடுக்குறவங்களும் சிகரெட் விடுறப்ப டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

இன்னொண்ணு, சிகரெட்டை மட்டும் விட்டுட்டு காப்பியை அப்படியே குடிச்சா அந்த கஃபீனும் உடம்புல ரொம்ப நேரம் தங்கும். புகையை விட்டவங்க தூக்கம் வரல, ஒரே படபடப்புன்னு சொல்றதுல பாதி இந்த விஷயம், யாரும் சொல்றதே இல்ல. அதனால சிகரெட் விடுறப்பவே காப்பியையும் படிப்படியா கொறைச்சுட்டு வர்றது நல்லது, டாக்டர் பார்வையில.

அவன் ஏன் அவ்ளோ குடிக்கிறான்னும் கேளுங்க. மாத்திரை மயக்கத்தை தாங்க முடியாமதான் நிறைய பேர் குடிக்கிறாங்க, பொழுது போகாமயும். பகல் டோஸை ராத்திரிக்கு தள்ள முடியுமான்னு டாக்டரை கேட்டா பாதி காப்பி தானா கொறையும், வீட்ல திட்டி ஒண்ணும் கொறையாது.

கேள்வி: பைபோலார் (மனசு ஏத்தமும் எறக்கமுமா மாறுற நோய்), லித்தியம் எடுக்குறேன். நல்ல பிள்ளையா போன வாரம் காப்பியை மொத்தமா விட்டேன். இப்ப கை நடுக்கம் ஜாஸ்தியா இருக்கு, தலைவலி வேற. காப்பி விட்டா நடுக்கம் கொறையணும்தானே?

பொதுவா கொறையணும், உங்க கேஸ் வேற. கஃபீன் சிறுநீரகம் வழியா லித்தியத்தை கொஞ்சம் கூடுதலா வெளிய தள்ளும். அதை நிறுத்துனா லித்தியம் உள்ளயே தங்கி லெவல் ஏறும். இன்னைக்கே டாக்டரை கூப்பிட்டு லித்தியம் டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லுங்க, வழக்கமா கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் குடுப்பாங்க. நடுக்கத்தோட வாந்தி, வயித்துப்போக்கு, நாக்கு குழறுறது, நடை தள்ளாடுறது, குழப்பம் இதுல எது இருந்தாலும் அடுத்த டோஸுக்கு காத்திருக்காம எமர்ஜென்சிக்கே போயிடுங்க.

அந்த தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை எதையும் போட்டுராதீங்க, அதுங்களும் லித்தியத்தை ஏத்தும். பாராசிட்டமால்னா இந்த பிரச்சனை இல்ல, ஆனா கவர்ல பாத்து வாங்குங்க, சில தலைவலி மாத்திரைல கஃபீனே கலந்திருக்கும்.

கேள்வி: எனக்கும் பைபோலார்தான். தூக்கம் கொறையுறது காப்பியாலயா, மேனியா (மனசு அளவுக்கு மீறி ஏறி நிக்கிற கட்டம்) ஆரம்பிக்குதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

மூணு மணி நேரம் தூங்கிட்டு மறுநாள் முழுக்க கொட்டாவி விட்டுட்டு இருந்தீங்கன்னா காப்பி மாதிரி வேற காரணம் இருக்கலாம். மூணு மணி நேரம் தூங்கிட்டு விடியக்காலைல எந்திரிச்சு அலமாரி பூரா ஒதுங்க வச்சு, பத்து பேருக்கு மெசேஜ் போட்டு, அப்பவும் சோர்வே இல்லன்னா அது மேனியா பக்கம். ஆனா நிஜத்துல இப்படி அழகா பிரிஞ்சு நிக்காது, ஏத்தம் ஆரம்பிக்கிறப்பவே ஆளுங்க காப்பியும் எனர்ஜி டிரிங்கும் கூடுதலா குடிக்க ஆரம்பிச்சிருப்பாங்க, தூக்கம் கெட்டா அதுவே மேனியாவை இழுத்துட்டு வரும். ரெண்டு ராத்திரி தொடர்ந்து இப்படின்னா காரணம் தேடிட்டு இருக்காம டாக்டரை கூப்பிடுங்க.

கேள்வி: ஓசிடிக்கு (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்ப திரும்ப வர்ற நோய்) ஃப்ளூவோக்சமின் மாத்திரை ஆரம்பிச்சாங்க. முன்னாடி எத்தனை கப் குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது மேடம், இப்ப ஒரு கப்புக்கே நெஞ்சு படபடன்னு அடிக்குது, விடிய விடிய முழிப்பு. மாத்திரை ஒத்துக்கலையா?

மாத்திரையை நிறுத்திடாதீங்க! மேல சொன்ன அதே என்சைமை ஃப்ளூவோக்சமின் கிட்டத்தட்ட பூட்டியே வச்சிரும். 5 மணி நேரத்துல பாதி போக வேண்டிய கஃபீன் ஒரு நாளுக்கு மேலயும் சுத்திட்டு இருக்கும், இன்னைக்கு குடிச்சது போறதுக்குள்ள நாளைக்கு குடிச்சது மேல வந்து சேரும். காப்பி, டீ, கோலா எல்லாத்தையும் நல்லா கொறைச்சு பாருங்க, படபடப்பு அடங்கலன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க. மத்த டிப்ரஷன் மாத்திரை பலதுக்கும் இந்த அளவு மோதல் கெடையாது.

பேனிக் அட்டாக் வர்றவங்களும் இதே கேள்விதான் கேட்டிருந்தீங்க. பேனிக் டிஸார்டர் இருக்குறவங்களுக்கு ஆராய்ச்சில ஏறக்குறைய 5 கப் காப்பி அளவு கஃபீனை ஒரே தடவைல குடுத்தப்ப கிட்டத்தட்ட பாதி பேருக்கு அட்டாக் வந்துச்சு. நெஞ்சு அடிக்கிறதை உடனே ஆபத்துன்னு எடுத்துக்குற மனசுக்கு கஃபீன் அந்த அடியை சும்மா குடுத்துட்டு போகுது. கஃபீனால வர்ற பதற்றம், கஃபீனால வர்ற தூக்கக் கோளாறு ரெண்டுமே டாக்டர்கள் மனநோயை வகைப்படுத்துற டிஎஸ்எம் 5ங்கற கையேட்டுல தனி நோயாவே இருக்கு, அதனால இது உங்க கற்பனை இல்ல.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை கப் வரைக்கும் பரவால்ல? நம்பர் சொல்லுங்க.

ஆரோக்கியமான பெரியவங்களுக்கு 400 மி.கி., கர்ப்பமா இருந்தா 200 மி.கி.ன்னு 2015ல ஐரோப்பிய உணவு பாதுகாப்பு அமைப்பு சொல்லிருக்கு. பெரிய கப் ஃபில்டர் காப்பி சுமார் 95, இன்ஸ்டன்ட் அதை விட கம்மி, டீ 40லேந்து 50, 250 மில்லி எனர்ஜி டிரிங்க் 80. டிகாஃப், அதாவது கஃபீன் எடுத்த காப்பி, அதுலயும் கொஞ்சூண்டு உண்டு. மாத்திரை எடுக்குறவங்களுக்கு இந்த 400ஐ நான் சொல்ல மாட்டேன், உங்க நம்பர் மாத்திரையை பொறுத்தது.

கேள்வி: தூங்கினா அந்த சம்பவம் கனவுல வருது. அதனால தூங்காம இருக்கத்தான் காப்பி குடிக்கிறேன். இதையும் தப்புன்னு சொல்வீங்களா?

தப்புன்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு தெரிஞ்ச ஒரே வழில உங்களை காப்பாத்திக்கிறீங்க. ஆனா மொதல்ல காப்பியை கொறைங்கன்னு உங்ககிட்ட சொல்றதுல பிரயோஜனமும் இல்ல. அந்த கனவுக்கே வைத்தியம் இருக்கு, ட்ராமாவுக்குன்னு தனி தெரபி இருக்கு, பகல்ல முழிச்சிருக்கப்பவே கனவோட முடிவை மாத்தி மாத்தி மனசுல ஓட்டி பாக்குற பயிற்சி இருக்கு, சிலருக்கு மாத்திரையும் குடுப்பாங்க. டாக்டர்கிட்ட "தூக்கம் வரல"ன்னு மட்டும் சொன்னீங்கன்னா தூக்க மாத்திரைதான் வரும், "தூங்க பயமா இருக்கு"ன்னு இப்ப எனக்கு சொன்ன மாதிரியே சொல்லுங்க.

கேள்வி: கொறைக்கணும்னா எப்படி கொறைக்கிறது? ஒவ்வொரு தடவையும் தலைவலி தாங்காம திரும்ப ஆரம்பிச்சிடுறேன்.

ஒரேடியா நிறுத்துனா 12லேந்து 24 மணி நேரத்துல தலைவலி, எரிச்சல், சோர்வு, மனசு வாடிப்போறது எல்லாம் ஆரம்பிக்கும், மொத ரெண்டு நாள் உச்சம், ஒம்பது நாள் வரைக்கும் கூட இழுக்கும். இதை நோய் திரும்பிருச்சுன்னு நெனச்சு பயப்படுறவங்க நிறைய. நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை கால்வாசி கொறைங்க, சாயங்கால கப்லேந்து ஆரம்பிங்க, காலை கப் கடைசி வரைக்கும் இருக்கட்டும். டாக்டர் மாத்திரை மாத்துன அதே வாரத்துல இதையும் செய்யாதீங்க, எது எதால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. க்ளோசபின், லித்தியம் ஆளுங்க டாக்டர்கிட்ட சொல்லாம ஆரம்பிக்கவே கூடாது.

கேள்வி: பேசாம மனநல வார்டுல காப்பியையே தடை பண்ணிடலாமே?

1970கள்லேந்தே சில வார்டுல டிகாஃபுக்கு மாத்தி பாத்திருக்காங்க, ஒரு எடத்துல பதற்றம் கொறஞ்சுது, இன்னொரு எடத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. நான் தடைக்கு எதிரி. கதவு பூட்டின எடத்துல ஒருத்தருக்கு மிச்சம் இருக்குறதே அந்த ஒரு கப்தான், அதையும் புடுங்கிட்டா ஒளிச்சு குடிப்பாங்க, எவ்ளோ குடிச்சாங்கன்னும் நமக்கு தெரியாது. சாயங்காலத்துக்கு மேல டிகாஃப்ங்கறது வரைக்கும் சரி.

கேள்வி: அம்மாவுக்கு ரொம்ப வருஷமா மனநல மாத்திரை. எடை ஏறிருச்சு. காப்பி சுத்தமா இல்ல, ராத்திரி ஒம்பதுக்கே தூங்கிடுறாங்க, ஆனாலும் பகல்ல உக்காந்த எடத்துல தூங்குறாங்க. காப்பி குடுத்து பாக்கலாமா?

வேண்டாம், மொதல்ல குறட்டை விடுறாங்களான்னு பாருங்க. எடை ஏறினவங்களுக்கு தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நின்னு நின்னு வரும், ஸ்லீப் ஆப்னியான்னு பேரு, ராத்திரி பூரா தூங்கின மாதிரி இருக்கும், தூக்கமே இருக்காது. வீட்ல எல்லாரும் மாத்திரை மயக்கம்னு விட்டுருவாங்க. சில தூக்க மாத்திரை அதை இன்னும் மோசமாக்கும். இன்னைக்கு ராத்திரி அம்மா தூங்குறப்ப போன்ல ஒரு பத்து நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க, குறட்டை நின்னு ஒரு எடைவெளி விட்டு திணறிட்டு திரும்ப ஆரம்பிக்குதான்னு கேளுங்க. இருந்தா அந்த ரெக்கார்டிங்கை டாக்டர்கிட்ட போட்டு காட்டி, ஸ்லீப் டெஸ்ட் எழுதி குடுங்கன்னு கேளுங்க.