ஐந்து நாளில் பன்னிரண்டு கோட்டைகள் வேண்டாம்

கேள்வி: ஜூன் மாதம் நான், மனைவி, ஒன்பது வயது மகன், மூட்டு வலியுள்ள அம்மா ஆகிய நால்வரும் பிரான்ஸ் போகிறோம். பாரிஸைப் பார்த்த பிறகு ஐந்து நாள் காரில் லுவார் பள்ளத்தாக்குக் கோட்டைகளைச் சுற்றிப் பார்க்க ஆசை. பன்னிரண்டு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். பாரிஸிலேயே கார் எடுக்கலாமா? இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் அடித்துவிடுங்கள். நவக்கிரகத் தலங்களை ஒரே நாளில் முடிக்கும் வேன் பயணம் மாதிரி லுவாரைச் சுற்றினால் எதுவும் மனத்தில் தங்காது. காரணம் இதுதான்: அங்குள்ள புகழ்பெற்ற மாளிகைகளில் பெரும்பாலானவை 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 16-ஆம் நூற்றாண்டிலும், பிரெஞ்சு அரசர்கள் அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த காலத்தில், கட்டப்பட்டவை அல்லது புதுப்பிக்கப்பட்டவை. எங்கு போனாலும் அதே வெண்சுண்ணாம்புக் கல், அதே கருநீலக் கூரை, உள்ளே அதே திரைச்சீலைச் சித்திரங்கள், விதானம் வைத்த கட்டில்கள். நான்காவது மாளிகைக்குள் நுழையும்போது எது எந்த ராணியின் படுக்கை என்பது குழம்பிவிடும். உங்கள் மகன் அதற்கு முன்பே குளிர்பானம் கேட்கத் தொடங்கியிருப்பான். ஆகவே ஒன்றுக்கொன்று மாறுபட்டவையாகப் பொறுக்குங்கள். காலையில் ஒன்று போதும். மாலையில் ஊர், ஆற்றங்கரை, தோட்டம். ஜூனில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை.

தங்குவதற்கு அம்புவாஸ் நகரத்தைச் சொல்வேன். ஐந்து இரவும் அங்கேயே. தினம் ஒரு விடுதி மாறினால் பெட்டி கட்டுவதிலேயே காலை போய்விடும். நான் சொல்லப்போகும் மாளிகைகளில் ஷெனோன்ஸோ அங்கிருந்து கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஷாம்போர், வில்லாந்திரி இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள்.

ஷாம்போருக்குத் திறக்கும் நேரத்தில் போய்விடுங்கள். பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா 1519-இல் தொடங்கிய கட்டடம்; நானூறுக்கும் மேற்பட்ட அறைகள். இவ்வளவையும் கட்டியவர் தமது 32 ஆண்டு ஆட்சியில் அங்கே தங்கியது மொத்தம் 72 நாள்தான் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வேட்டைக்கு வந்து போகவும் வெளிநாட்டுத் தூதர்களை வாய்பிளக்க வைக்கவும் எழுப்பிய இடம் அது, குடியிருக்க அல்ல. நடுவில் உள்ள இரட்டைச் சுழல் படிக்கட்டை நீங்களும் மகனும் ஆளுக்கொரு வாயிலில் ஏறிப் பாருங்கள். ஒரே தூணைச் சுற்றி இரண்டு படிவரிசைகள் பின்னிக்கொண்டு மேலே போகின்றன. நடுத்தூணின் திறப்புகள் வழியே ஒருவரையொருவர் பார்க்கலாம், ஆனால் தளத்தை அடையும் வரை சந்திக்க முடியாது. இந்த யோசனை லியோனார்டோ டா வின்சியுடையது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், ஆதாரம் கிடையாது. அவர் அந்த ஆண்டு மே மாதமே இறந்துவிட்டார், வேலை தொடங்கியது செப்டம்பரில். மாளிகையின் உச்சம் கூரைத்தளம்தான். புகைபோக்கிகளும் கோபுரங்களும் நெருக்கிக்கொண்டு ஒரு சிறு நகரமாகவே நிற்கும். அம்மாவை அவ்வளவு படி ஏற்ற வேண்டாம். கீழே தோட்டமும் அகழிக்கரையும் சமதரை, உட்கார்ந்து பார்க்க முன்புறத் தோற்றமே நிறைவானது.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் ஷெனோன்ஸோவைத்தான் சொல்வேன். ஷேர் ஆற்றின் குறுக்கே நிற்கும் மாளிகை. இரண்டாம் ஹென்றி தம் காதலி டயான் டி புவாதியேவுக்கு இதைக் கொடுத்தார். ஆற்றின் மேல் பாலம் கட்டியவர் டயான்தான். 1559-இல் ஈட்டிப் போட்டியில் காயம்பட்டு அரசர் இறந்ததும், பட்டத்து ராணி கத்தரின் டி மெடிசி டயானை வெளியேற்றி, பதிலுக்கு ஷோமோன் மாளிகையைக் கொடுத்தார். பிறகு அந்தப் பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீள மண்டபத்தை எழுப்பினார். தரை கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள். இருபுற ஜன்னல்களிலும் ஆறு. முதல் உலகப் போரில் இது காயம்பட்ட வீரர்களுக்கான மருத்துவமனையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் ஷேர் ஆறே எல்லை. மண்டபத்தின் தென்கோடிக் கதவைத் தாண்டினால் ஜெர்மானியர் பிடிக்காத மறுபக்கம். அந்தக் கதவருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள். தரைத்தளத்திலேயே முக்கியமானவை பல இருப்பதால் அம்மாவுக்கும் ஏற்ற இடம். பாலத்தூண்களுக்குள் அமைந்த சமையலறைக்கு மட்டும் படியிறங்க வேண்டும்.

அம்புவாஸ் கோட்டை உங்கள் விடுதியிலிருந்து நடக்கும் தூரத்தில்தான். எட்டாம் சார்ல்ஸ் மன்னர் 1498-இல் ஒரு கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு அங்கேதான் இறந்தார். நீங்கள் உயரமானவர் என்றால் எச்சரிக்கை. மகனுக்கு அதைவிடப் பக்கத்திலுள்ள க்ளோ லூசே பிடிக்கும்: லியோனார்டோ கடைசி மூன்று ஆண்டுகள் வாழ்ந்த வீடு, பூங்காவில் அவர் வரைந்த இயந்திரங்களின் பெரிய மாதிரிகள்.

வில்லாந்திரியில் மாளிகையை விட்டுவிட்டு, தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். அப்படித் தனியாக விற்கிறார்கள். முட்டைக்கோஸும் கீரையும் பீட்ரூட்டும் கோலம்போல் சதுரங்களாக நட்டிருப்பதை இங்கே பார்க்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பயிர் மாற்றுகிறார்கள். ஐந்தாவதாக ப்ளுவா அல்லது ஷினோன். ப்ளுவாவில் ஒரே முற்றத்தைச் சுற்றி நான்கு காலக் கட்டடக்கலை. 1588-இல் செல்வாக்கு மிக்க கீஸ் பிரபுவை அரசர் மூன்றாம் ஹென்றி ஆள் வைத்துக் கொன்றதும் அங்கேதான். மகன் மதிலும் கொத்தளமும் உள்ள நிஜப் போர்க்கோட்டை கேட்டால் ஷினோன்.

இனி கார். பாரிஸில் எடுக்காதீர்கள். நகரத்துக்குள் ஓட்டுவதும் நிறுத்துவதும் தலைவலி. மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமானால் தூர் நகரை ஒட்டிய சேன்-பியேர்-தெ-கோர் வந்துவிடும். கார் வாடகை நிறுவனங்கள் நிலையத்தின் அருகிலேயே உண்டு. ஆட்டோமேட்டிக் கார் வேண்டும் என்று முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் கியர் வண்டிதான் கிடைக்கும். சாலையின் வலப்பக்கம் ஓட்டிக்கொண்டு, வலக்கையால் கியரும் மாற்றுவது புதியவருக்கு இரட்டைச் சுமை. பிணைத்தொகைக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். இந்திய உரிமம் மட்டும் போதாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கி, இரண்டையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். பத்து வயதுக்குக் குறைந்தவன் என்பதால் மகன் பின்னிருக்கையில், உயரத்துக்கேற்ற குழந்தை இருக்கையில்தான் உட்கார வேண்டும். அதையும் பதிவின்போதே கேளுங்கள்.

நம்மவர்கள் தடுமாறும் விதி ஒன்று உண்டு. கிராமத்துக்குள் அடையாளப் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்புறச் சந்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. நீங்கள் அகலமான சாலையில் போனாலும் நின்று வழிவிட வேண்டும். வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் சாய்சதுரப் பலகையைக் கண்டால் முன்னுரிமை உங்களுக்கு. அதே பலகையில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் அது முடிந்துவிட்டது. சிவப்பு விளிம்புடன் ஊர்ப்பெயர்ப் பலகை வந்தாலே வேக வரம்பு 50 கிலோமீட்டர், தனியாக எழுதியிருக்க மாட்டார்கள். கிராமப்புறச் சாலையில் பொதுவாக 80. வேகக் கேமராவில் சிக்கினால் அபராதம் ஊர் திரும்பிய பிறகும் வரும், வாடகை நிறுவனத்தின் கட்டணமும் கூடவே வரும். பெட்ரோல் நிலையத்தில் வட்டச் சின்னம் பெட்ரோல், சதுரச் சின்னம் டீசல். காரின் மூடியிலும் அதே சின்னம் இருக்கும்.

சைவச் சாப்பாட்டில் சிக்கல் உணவைவிட நேரம்தான். சிற்றூர் உணவகங்களில் மதியம் 12 முதல் 2 வரை. அதன்பின் அடுப்பு இரவு ஏழுக்குத்தான் மூட்டப்படும். இரண்டரைக்குப் பசியோடு போனால் காபி மட்டும் கிடைக்கும். அதனால் காலையிலேயே ரொட்டிக் கடையில் நீள ரொட்டி, தக்காளி, பழம் வாங்கிக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். சேன்-மோர் என்ற ஆட்டுப்பால் சீஸ் அந்த வட்டாரத்துக்கே உரியது. சாம்பல் பூசிய உருளை, நடுவில் ஒரு வைக்கோல் குச்சி. குச்சியை உருவிவிட்டு நறுக்க வேண்டும். பல பாலாடைக் கட்டிகளில் கன்றின் வயிற்றுச் சாறு சேர்க்கிறார்கள், கண்டிப்பான சைவர் என்றால் கடையில் கேட்டு வாங்குங்கள். உணவகத்தில் ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் மீன் வரக்கூடும். இறைச்சி, மீன், கோழி மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியே சொல்லுங்கள்.

ஷாம்போரில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம்; மகனின் பாஸ்போர்ட் பிரதியைக் கையில் வைத்திருங்கள். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சிறு ரயில் நிலையங்களில் அன்று வாடகை அலுவலகம் பூட்டியிருக்கக்கூடும், சாவியை யாரிடம் கொடுப்பது என்று தவிக்க நேரும்.