எழுதிப் போடட்டும், அண்ணாச்சி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

உங்கள் மகள் எழுதியிருந்த இரண்டு பக்கத்தையும், கூடவே நீங்கள் கேட்டிருந்த கேள்விகளையும் படித்தேன். இ.சி.இ. மூன்றாம் வருடம் படிக்கிற பிள்ளை ரிஸ்க்-ஃபைவ் மாநாட்டில் பேச புரொபோசல் போடப் போகிறேன் என்கிறாள். இது உருப்படியான காரியமா, காசு பிடுங்குகிற வேலையா, படிப்பும் கேம்பஸ் இன்டர்வியூவும் கெட்டுப்போகுமா என்று கேட்கிறீர்கள். என் பதில், தாராளமாக எழுதிப் போடட்டும். ஆனால் இப்போது எழுதி வைத்திருப்பதை அப்படியே அனுப்ப வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். பாதி உங்களுக்கு, மீதி அவளுக்கு. இரண்டு பேரும் சேர்ந்தே படியுங்கள்.

வள்ளியூரில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிற உங்களுக்கு ரிஸ்க்-ஃபைவை விளக்குவது சுலபம். எட்டு எம்.எம். போல்ட்டை லூதியானாவில் செய்தாலும் கோயம்புத்தூரில் செய்தாலும் அதே எட்டு எம்.எம். நட் ஏறும். மரையின் அளவு எல்லோருக்கும் பொது. கம்ப்யூட்டர் சிப் உலகத்தில் ரொம்பக் காலம் அப்படி இல்லை. சிப்புக்குப் புரிகிற கட்டளைத் தொகுப்பு இன்டெல், ஆர்ம் போன்ற கம்பெனிகளின் சொத்தாக இருந்தது. அதை வைத்து இன்னொருவர் சிப் செய்ய வேண்டுமானால் உரிமம் வேண்டும். 2010இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ், கட்டளைத் தொகுப்பை யார் வேண்டுமானாலும் உரிமக் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. இன்று அதைப் பராமரிப்பது சுவிட்சர்லாந்தில் பதிவான ஒரு பொது அமைப்பு. போல்ட்டுக்குக் காசு உண்டு, மரையின் அளவுக்குக் காசு இல்லை, அவ்வளவுதான்.

இதில் வேலை உண்டா என்று கேட்பீர்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு செய்த 'சக்தி' சிப் இந்தத் தரத்தில் அமைந்ததுதான். 2018இல் அதில் லினக்ஸ் இயங்குதளம் ஓடியது. நாகர்கோவில் தாண்டினால் திருவனந்தபுரம், அங்கே ஒன்றிய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கில் செய்த 'வேகா' சிப்பும் இதே ரகம். 2022 ஏப்ரலில் ஒன்றிய அரசு இதற்கென்றே 'டிஜிட்டல் இந்தியா ரிஸ்க்-ஃபைவ்' திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளை ஏதோ கண்காணாத துறையில் போய் விழவில்லை, அந்தக் கவலை வேண்டாம்.

இனி காசு விஷயம். உங்கள் சந்தேகம் நியாயமானது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் மாணவர்களுக்கு வருகிற மாநாட்டு மெயில்களில் கணிசமானவை பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கிற ஏற்பாடுதான். அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. நீங்கள் கேட்காமலே "மதிப்பிற்குரிய ஆராய்ச்சியாளரே" என்று மெயில் வரும். விவசாயம், மருத்துவம், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே மாநாட்டில் இருக்கும். அனுப்பிய இரண்டாம் நாளே "தேர்வாகிவிட்டீர்கள், கட்டணம் கட்டுங்கள்" என்று பதில் வரும். அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள். பொதுத்தரத் தொழில்நுட்பங்களின் நல்ல மாநாடுகளில் புரொபோசல் அனுப்பக் காசு கிடையாது. தேர்வான பேச்சாளருக்குப் பெரும்பாலும் நுழைவுக் கட்டணமும் இருக்காது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் வருடா வருடம் நடக்கிற ஃபோஸ்டெம் மாநாட்டில் பார்வையாளருக்கே கட்டணம் இல்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரை வெளியிடுகிற கல்விசார் மாநாடுகள் வேறு வகை. அங்கே நல்ல மாநாடுகள்கூட எழுதியவரிடம் பதிவுக் கட்டணம் வாங்கும். ஆகவே கட்டணம் இருந்தாலே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். விதிமுறைப் பக்கத்தைப் பிள்ளையே ஒரு வரி விடாமல் படித்து உங்களுக்குச் சொல்லட்டும்.

போக்குவரத்துச் செலவு மட்டும் நிஜமான செலவு. சில மாநாடுகள் அதற்கும் உதவித்தொகை வைத்திருக்கும். தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு வேறு கடைசித் தேதி இருக்கும். முதல் முயற்சிக்கு இந்தியாவுக்குள் நடப்பதையே நான் சொல்வேன். பெங்களூரில் நடக்கிற இந்தியாஃபாஸ் என்ற திறந்த மென்பொருள் மாநாடு மாதிரி இடங்களில் மாணவர்கள் மேடை ஏறுவது சகஜம். வெளிநாட்டுக்கும் போடுவதாக இருந்தால் பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள். திருநெல்வேலியிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது, மதுரைக்கு அலைய வேண்டாம். தேர்வான கடிதம் வந்த பிறகு பாஸ்போர்ட்டுக்கு ஓடினால் விசாவுக்கு நாள் போதாது.

சரி, இனிமேல் பிள்ளையிடம் பேசுகிறேன்.

அம்மா, உன் தலைப்பு 'இந்தியாவில் ரிஸ்க்-ஃபைவின் எதிர்காலம்'. இந்தத் தலைப்பில் பேச அந்தத் துறையிலேயே முப்பது வருடம் இருந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். உன் முதல் பக்கம் முழுக்க ரிஸ்க்-ஃபைவ் எவ்வளவு நல்லது என்று இருக்கிறது. படிக்கப்போகிறவர்களுக்கு அது தெரியும், தெரிந்துதான் அந்த மாநாட்டையே நடத்துகிறார்கள். இரண்டாம் பக்கத்தின் கடைசியில், போகிற போக்கில் மூன்று வரி எழுதியிருக்கிறாய். சிஎச்32வி003 என்ற சின்ன ரிஸ்க்-ஃபைவ் சிப்பில் தமிழ் எழுத்து காட்டுகிற பலகை செய்தேன், 16 கிலோபைட்டில் இடம் போதவில்லை, சுருக்கக் கட்டளைகளால் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று. அந்த மூன்று வரிதான் உன் புரொபோசல். மற்றதை எல்லாம் எடுத்துவிடு.

அதில் என்ன இருக்கிறது என்று உனக்கே முழுசாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ரிஸ்க்-ஃபைவ் கட்டளை ஒன்று சாதாரணமாக 32 பிட். 'சி' நீட்சி என்ற கூடுதல் தொகுதி இருந்தால் அடிக்கடி வருகிற கட்டளைகளை 16 பிட்டில் அடக்கலாம், நீ சொன்ன சுருக்கக் கட்டளைகள் இவைதான். இதனால் நிரல் 25 முதல் 30 சதவீதம் சுருங்கும் என்று தர ஆவணமே சொல்கிறது. உனக்கு மொத்தத்தில் அவ்வளவு குறையவில்லை. ஏன்? அந்த நீட்சி கட்டளைகளைத்தான் சுருக்கும், எழுத்துப் படங்களைத் தொடாது. 247 எழுத்தையும் தனித்தனிப் படமாக, எழுத்துக்கு 32 பைட் வீதம் வைத்தால் 7,904 பைட். சிப்பில் இருக்கிற 16,384 பைட்டில் பாதிக்குக் கிட்ட அதற்கே போய்விட்டது. நீ அடுத்துச் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. மெய், புள்ளி, கொம்பு, கால் என்று துண்டு துண்டாக வைத்துச் சேர்த்து வரைந்திருக்கிறாய். படம் குறைந்தது, ஆனால் சேர்த்து வரைகிற நிரல் கூடியது. இப்போது கூடியிருப்பது கட்டளை என்பதால் 'சி' நீட்சி அங்கே கைகொடுத்தது. ஆங்கிலத்தை மட்டும் காட்டுகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது. தமிழைக் காட்டுகிற உனக்கு எழுந்தது, அதை அளந்தும் பார்த்திருக்கிறாய். கேரளத்துக்காரருக்கும் தாய்லாந்துக்காரருக்கும் நாளைக்கே உபயோகப்படும்.

புரொபோசலில் கேட்கிற பேச்சுச் சுருக்கத்தை இப்படி ஆரம்பிக்கலாம், ஆங்கிலத்தில் நீயே உன் நடையில் எழுது: "16 கிலோபைட் நினைவகம் உள்ள ரிஸ்க்-ஃபைவ் சிப்பில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் பலகை ஒன்றைச் செய்தேன். எழுத்தை முழுப் படமாக வைப்பது, துண்டுகளாக வைத்துச் சேர்ப்பது என்ற இரண்டு வழியையும், சுருக்கக் கட்டளைகளோடும் அவை இல்லாமலும் அளந்தேன். எந்த வழியில் எவ்வளவு இடம் மிஞ்சியது, ஏன் என்று காட்டுகிறேன்." இதற்குக் கீழே உன் நான்கு எண்கள். அப்புறம், கேட்டுவிட்டுப் போகிறவர் தன் வேலையில் எதை மாற்றலாம் என்று ஒரு வரி. போதும். பரிசீலிப்பவர் ஒரே மூச்சில் ஏகப்பட்ட புரொபோசல் படிக்கிறவர். வேலை முடிந்துவிட்டதா, இல்லை இனிமேல்தான் செய்யப் போகிறாயா என்பது அவருக்கு முதல் இரண்டு வரியிலேயே தெரிந்தாக வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாக எடுத்துவிடு. வேகம் கூடியது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதை நீ க்யூஎமுவில் அளந்திருக்கிறாய். க்யூஎமு சிப்பைப் போல நடந்து காட்டுகிற மென்பொருள். அதில் ஓடிய நேரம் சிப்பில் ஓடிய நேரம் ஆகாது. அந்த மாநாட்டில் இருப்பவர்கள் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்கள். நிரலின் அளவு அப்படியில்லை, கம்பைல் செய்து, அதாவது சிப்புக்கான கட்டளைகளாக மாற்றி, எண்ணிப் பார்க்கலாம், யாரும் சரிபார்க்கலாம். எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, அளவைக் குறைக்கிற ஆப்ஷன் போட்டாயா என்பதையும் சேர்த்து, நிரலை எல்லோரும் பார்க்கிற மாதிரி கிட்ஹப் தளத்தில் வைத்துவிடு.

ஆங்கிலம் வராதே என்று அப்பாவிடம் அழுதாயாம். சின்னச் சின்ன வாக்கியமாக எழுது, நீ பேசுகிற மாதிரியே. ஏஐ-யிடம் கொடுத்து மினுக்கி வாங்காதே. எல்லாப் புரொபோசலும் ஒரே குரலில் வருகிறபோது உன்னுடையதும் அந்தக் குவியலில் போய்விடும். எழுத்துப்பிழை பார்க்க மட்டும் வைத்துக்கொள். தன்னைப் பற்றிய குறிப்பில் "பேரார்வம் கொண்டவள்" எல்லாம் வேண்டாம். எந்தக் கல்லூரி, என்ன செய்தாய், இரண்டு வரி. சின்ன ஊர்க் கல்லூரி என்பதை மறைக்கவும் வேண்டாம்.

பேச்சு வகை கேட்பார்கள். முழுப் பேச்சு, ஐந்து பத்து நிமிஷத்தில் முடிகிற மின்னல் பேச்சு, போஸ்டர் என்று இருக்கும். உன் விஷயம் மின்னல் பேச்சுக்கும் போஸ்டருக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி. "போஸ்டர் என்றாலும் சம்மதம்" என்ற கட்டம் இருந்தால் அதில் டிக் போடு. போஸ்டர் பக்கத்தில் நின்றால் துறைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உன்னிடமே கேட்பார்கள். மேடையில் பேசுகிறவருக்குக்கூட அவ்வளவு நேரம் கிடைக்காது.

கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் எதை அனுப்பினாலும் கைடு பெயர், எச்.ஓ.டி. பெயர் எல்லாம் ஏறிவிடும். மாநாட்டுப் புரொபோசலில் பேச்சாளர் என்றால் வந்து நின்று பேசுகிறவர். கைடு உண்மையிலேயே கூட இருந்து செய்திருந்தால் அவர் பெயரும் வரட்டும். இல்லையென்றால் பேச்சின் முடிவில் நன்றி சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடு. லேபில் இருந்த போர்டை வைத்துச் செய்ததால் ஒரு வார்த்தை அனுமதியும் வாங்கிக்கொள். பின்னால் தெரிந்து மனஸ்தாபம் வந்தால் இன்டர்னல் மார்க்கில்தான் முடியும்.

அண்ணாச்சி, படிப்புக்கு இடைஞ்சலா என்று கேட்டீர்கள். வேலையை அவள் ஏற்கெனவே செய்துவிட்டாள். எழுதுவதற்குச் சில சாயங்காலம் போதும். மாநாடு நடக்கிற தேதி நவம்பர், ஏப்ரல் செமஸ்டர் பரீட்சையில் மோதுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மோதினால் அந்த மாநாட்டை விட்டுவிடலாம். தேர்வாகாமலும் போகலாம், முதல் தடவை போடுகிற பலருக்கும் அப்படித்தான். இதே நான்கு எண்ணை வைத்து அடுத்த இடத்துக்குப் போடலாம். கேம்பஸ் இன்டர்வியூவில் "புராஜெக்டில் நீ என்ன செய்தாய்" என்று கேட்கும்போது நிறையப் பிள்ளைகள் திணறுகிற இடத்தில் இவளுக்குப் பதில் கையில் இருக்கும்.

கடைசி நாள் விஷயத்தில் ஏமாந்துவிட வேண்டாம். கடைசித் தேதிக்குப் பக்கத்தில் 'ஏஓஇ' என்று போட்டிருந்தால், பூமியில் எந்த மூலையிலாவது அந்தத் தேதி மிச்சம் இருக்கிறவரை என்று கணக்கு. இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் மாலை 5.29. அமெரிக்க மேற்குக் கரை நேரம் என்றால் மறுநாள் மதியம் 12.29, அவர்கள் குளிர்காலத்தில் 1.29. அந்த நேரத்தில் கரண்ட் போகும், நெட் தொங்கும். முந்தின நாளே அனுப்பிவிடச் சொல்லுங்கள். திருத்தியதை அதற்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு அனுப்பட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டையில்தான் இருப்பேன், போர்டையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பலகையில் 'நெல்லை' என்று எழுதிக் காட்டட்டும், கொம்பும் புள்ளியும் ஐகாரமும் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடும்.