நின்றால் நியூட்ரல் விழாத பழைய பைக்: எதை முதலில் சோதிப்பது?

இருபது வருடப் பழைய 100 சிசி பைக், ஓடும்போது கியர் மாறுகிறது, ரயில்வே கேட்டில் நின்றால் மட்டும் நியூட்ரல் விழ மறுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதே கியர்பெட்டியைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

என்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் லேசாக உருட்டியபடி கியரை மாற்றிப் பாருங்கள். அப்போது எளிதாக விழுந்தால், கோளாறு பெரும்பாலும் கிளட்சில்தான். லீவரை முழுவதும் பிடித்தும் தட்டுகள் சரியாகப் பிரியவில்லை. என்ஜினின் விசை கியர்மேல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த ரக வண்டிகள் பலவற்றில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு (கேபிள் இழுபடத் தொடங்கும்முன் லீவர் சும்மா அசையும் தூரம்) போதும். அதற்கு மேல் இருந்தால் கேபிளைச் சரிசெய்யுங்கள். நம் டெல்டாவில் கேபிள் படும் பாடு கொஞ்சமல்ல: நடவுக்காலத்தில் வயல் சேறு புகுந்து காய்கிறது, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று துருவேற்றுகிறது. ஓர் இழை பிய்ந்திருந்தாலும் ஒப்பேற்றாமல் புதிது மாட்டுங்கள்.

ஆயிலையும் பாருங்கள். என்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் இதில் ஒரே ஆயில்தான். டப்பாவில் ‘ஜேசோ எம்ஏ’ (JASO MA) என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

என்ஜின் அணைந்திருக்கும்போதும் சிக்கினால், கியர் மிதியின் போல்ட் தளர்ந்திருக்கிறதா, மிதி தண்டோடு பொருந்தும் இடத்தின் வரிப்பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். விழுந்த கியர் ஓட்டத்தில் தானாகக் கழன்றால் அது பெரும்பாலும் உள்தேய்மானம். அப்போது என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும்.