மகள் உலகச் சட்டம் படிக்கட்டும். ஆனால் கடலிலிருந்து தொடங்கட்டும்

போர்களைத் தடுக்கும் உலகச் சட்டம் படிக்க வேண்டும் என்கிறாள் மகள். சித்தப்பாவோ நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடத்தைப் பேசி முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாதீர்கள். கணக்குப் பாடத்தைப் பிளஸ் டூவோடு தலைமுழுகக் காத்திருக்கும் பெண்ணை, நன்கொடையும் கொடுத்து நான்கு ஆண்டுகள் அதிலேயே உட்கார வைக்கப் போகிறீர்களா? சித்தப்பாவின் மகன் அந்தப் படிப்பால் நன்றாக இருக்கிறார் என்றால், அது அவருக்குப் பொருந்திய படிப்பு. அவ்வளவுதான்.

"ஐ.நா.வுக்குப் பல்லே இல்லையே" என்ற உங்கள் கேள்வி நியாயமானது. 1986இல் நிகரகுவா நாடு தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதை நிறைவேற்றக் கோரி விவகாரம் பாதுகாப்பு சபைக்குப் போனபோது, அமெரிக்காவே தன் வீட்டோ அதிகாரத்தால் அதைத் தடுத்தது. இதை மாற்ற ஐ.நா. சாசனத்தைத் திருத்தலாம், அதற்கும் வீட்டோ அதிகாரமுள்ள ஐந்து வல்லரசுகளின் ஒப்புதல் வேண்டும்! இந்தச் சீர்திருத்தத்துக்காக வாதாடுவது நல்ல காரியம். மாதச் சம்பளம் தரும் காரியமல்ல என்பதை மகளிடம் மறைக்காதீர்கள்.

ஆனால் உலகச் சட்டம் ஓரளவு உண்மையாகவே கட்டுப்படுத்தும் இடம் ஒன்று உண்டு: கடல். 1982ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்படிக்கையில் சேரும் நாடு, சில விலக்குகள் தவிர, தகராறு வந்தால் தீர்ப்பாயத்துக்குக் கட்டுப்படுவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. 2008இல் எரிவாயுத் தேடலை முன்னிட்டு வங்கதேசமும் மியான்மரும் வங்கக் கடலில் போர்க்கப்பல்களை எதிரெதிரே நிறுத்தின. 2012இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் எல்லையை வகுத்தது. இரு நாடுகளும் ஏற்றன. 2014இல் இந்தியாவுடனான தகராறில், நடுவர் தீர்ப்பாயம் ஒன்றின் தீர்ப்பால், சர்ச்சைக்குரிய சுமார் 25,600 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது. பெரிய நாடான இந்தியா அதை மதித்தது. 2016இல் பிலிப்பைன்ஸ் தொடுத்த தென்சீனக் கடல் வழக்கின் தீர்ப்பைச் சீனா நிராகரித்ததும் உண்மைதான். பல் எல்லா இடத்திலும் பதிவதில்லை.

வீட்டுச் செலவுக்கும் இந்தத் துறை உதவும். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடல்சார் பாக்கிக்காகக் கப்பலையே கைது செய்ய உத்தரவிடும் அதிகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. கூலி கிடைக்காத மாலுமி, எரிபொருள் பாக்கி நிற்கும் வணிகர், சரக்கு நனைந்த இறக்குமதியாளர் என்று எல்லாரும் வழக்கறிஞரைத் தேடுவார்கள். கப்பல் நிறுவனங்களும் காப்பீட்டாளர்களும் துறைமுகங்களும் வேறு இருக்கின்றன. முதலில் இங்கேயே அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு, கட்டணம் குறைவு. பிறகு ஓரிரு ஆண்டுகள் கடல்சார் வழக்குகள் நடத்தும் மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியர். அதன் பின் மால்ட்டாவில் உள்ள சர்வதேசக் கடல்சார் சட்ட நிறுவனம். ஐ.நா.வின் கடல்சார் அமைப்பு 1988இல் தொடங்கிய இந்த நிறுவனத்தில் ஓராண்டு முதுகலை படிக்கலாம். பாதி இடங்கள் பெண்களுக்கு. நம் ஊரில் யாரும் இதைச் சொல்வதில்லை.

பணத்தில் மட்டும் கறாராக இருங்கள். பட்டம் வாங்கிய கையோடு வீட்டை அடமானம் வைத்து லண்டன் முதுகலைக்கு அனுப்பச் சொல்லும் ஏஜெண்டை வாசலோடு அனுப்புங்கள். ஐ.நா. பயிற்சிப் பணிகள் பலவற்றில் சம்பளம் கிடையாது. ஐ.நா. அலுவலகங்கள் உள்ள ஜெனீவாவில் வாடகையை நீங்கள்தான் கட்ட வேண்டும். உதவித்தொகை உறுதியாகாமல் விமானம் ஏற வேண்டாம்.

2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மகளை முதல் முப்பது பக்கம் படிக்கச் சொல்லுங்கள். கொட்டாவி விட்டால் என்னிடம் அழைத்து வாருங்கள், வேறு துறை பேசலாம். அப்போதும் அந்த முன்பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.