இரண்டாவது ரிஜிஸ்டரும் 51-ஆம் சங்கீதமும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் டைம் ஆபீஸில், அதாவது வருகைப்பதிவுப் பிரிவில், வேலை பார்க்கிறேன். வயது 34, சம்பளம் 24,000. கணவர் ஆக்டிங் டிரைவர், வண்டி கிடைத்தால்தான் வருமானம். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் சிஎஸ்ஐ சபை. ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறேன்.

அவசர ஆர்டர் என்றால் எங்கள் டெய்லர்கள் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் பார்ப்பார்கள். சனிக்கிழமை கூலி போடும்போது அந்த அரை ஷிப்டுக்கு ஒற்றைச் சம்பளம்தான் தருகிறார்கள். பையர் ஆடிட், அதாவது சரக்கு வாங்குபவர் தரப்பு ஆய்வு, வருகிறது என்றால், எல்லோரும் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டதாக இன்னொரு ரிஜிஸ்டர் வேண்டும். அதை எழுதுவது நான். ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று டெய்லர் அக்காக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான்.

இது மட்டுமல்ல. முதலாளி உள்ளே இருக்கும்போதே “வெளியே போயிருக்கார்” என்று போனில் சொன்னது, ஆயுத பூஜைப் பொரியை வாங்கித் தின்றது என்று எல்லாமே மனதில் வந்து குத்துகின்றன. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. பாவமன்னிப்புக் கேட்கும் 51-ஆம் சங்கீதத்தை முழுவதும் சொல்வேன். நடுவில் கவனம் சிதறினால் முதல் வசனத்திலிருந்து மறுபடியும் தொடங்குவேன். சில நாள் விடிந்துவிடுகிறது. “அபாத்திரமாய்”, அதாவது தகுதியில்லாமல், எடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் திருவிருந்துக்கு எழுந்து போவதையே நிறுத்திவிட்டேன். பரிகாரமாக இருக்கட்டும் என்று வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை இரட்டிப்பாக்கி மாதம் 4,800 கொடுக்கிறேன். “நான் செய்தது பாவமா?” என்று தினமும் கேட்பதால் கணவருக்கும் அலுத்துவிட்டது.

கன்வென்ஷனில் “எகிப்தை விட்டுப் புறப்படு” என்ற செய்தியைக் கேட்டுவிட்டு ராஜினாமா கடிதம் எழுதிவிட்டேன். கைப்பையில் இருக்கிறது. கொடுத்துவிடவா? விசுவாசி இப்படியொரு வேலையில் இருக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். கிழிக்கவும் வேண்டாம்.

பொரி, போனில் சொன்ன பொய், ரிஜிஸ்டர் மூன்றையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனசாட்சி மூன்றுக்கும் ஒரே சத்தத்தில் கத்துகிறது. சிக்கல் அங்கேதான். அவற்றில் ஒன்று உண்மையான அநியாயம், ஒன்று விட்டுவிடக்கூடிய பழக்கம், ஒன்று ஒன்றுமே இல்லை. இரவு இரண்டு மணிக்கு இவற்றைப் பிரிக்க முடியாது. பகலில், காபி குடித்துவிட்டு, ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: நான் கையால் செய்தது என்ன, அதனால் யாருக்கு என்ன நஷ்டம், அதை மாற்ற என் கையில் இருப்பது என்ன.

பொரிக்கு நேரே இரண்டாவது பத்தி காலியாகவே இருக்கும். சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் எஜமானோடு அந்நிய தெய்வமான ரிம்மோன் கோவிலுக்குப் போய்க் குனிய வேண்டியிருக்கும் என்று சொன்னபோது, எலிசா தீர்க்கதரிசி “சமாதானத்தோடே போ” என்றுதான் அனுப்பினார். அடுத்த ஆயுத பூஜையில் பொரியை வாங்குவதா, புன்னகையோடு மறுப்பதா என்பது உங்கள் விருப்பம். எதைச் செய்தாலும் அது ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயமல்ல. போன் பொய்க்கு மாற்று வாக்கியம் போதும்: “இப்போ பேச முடியாதுங்க, உங்க நம்பர் சொல்லுங்க, சொல்லிடறேன்.” இது பொய்யும் அல்ல, முதலாளிக்கும் இடைஞ்சல் இல்லை.

ரிஜிஸ்டர் அப்படியல்ல. ஷிப்டுக்கு 600 வாங்கும் ஒரு டெய்லரை எடுத்துக்கொள்வோம். அரை ஷிப்டுக்கு 300 கொடுக்கிறார்கள். மிகைநேரத்துக்கு இரு மடங்கு கூலி என்பது சட்டம், ஆக 600 வர வேண்டும். வாரம் மூன்று இரவு என்றால் 900 ரூபாய் அந்த அக்காவின் கைக்கு வராமல் போகிறது. நீங்கள் எழுதும் இரண்டாவது ரிஜிஸ்டர் மறைப்பது அந்த 900-ஐத்தான். அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு எழுதிய நிருபத்தில் வருகிறதே, அது உங்கள் டெய்லர்களின் தையல் மெஷினுக்கு நேராகப் பொருந்துகிறது. அந்தப் பணம் உங்கள் பைக்குப் போகவில்லை என்பது உண்மை. ஆனாலும் எழுதும் கை உங்களுடையது. இந்த இடத்தில் குத்துகிற மனசாட்சி நோய்வாய்ப்பட்டதல்ல, அது தன் வேலையைத்தான் செய்கிறது.

எனவே இதற்கு ஜெபத்தோடு காரியமும் வேண்டும். தானியேல் முதல் அதிகாரத்தை அவசரமில்லாமல் வாசித்துப் பாருங்கள். ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர், பந்தியில் எழுந்து நின்று பிரசங்கம் செய்யவில்லை. பிரதானிகளின் தலைவனிடம் கேட்டுக்கொண்டார். தன் தலை போய்விடும் என்று அவன் பயந்தபோது, அந்தப் பயத்தை மதித்து, கண்காணிப்பவனிடம் போய், “பத்து நாள் சோதித்துப் பாரும்” என்றார். மறுப்பும் இருக்கிறது, மாற்று வழியும் இருக்கிறது, கெடுவும் இருக்கிறது. உங்கள் மேனேஜருக்கும் அதேபோல ஒரு பயம் உண்டு: ஆடிட்டில் மாட்டினால் ஆர்டர் போய்விடும். அதை வைத்தே பேசுங்கள்.

உண்மையில் கம்பெனிகள் மாட்டுவது போலி ரிஜிஸ்டரால்தான். ஆடிட்டர் வருகைப்பதிவை மட்டும் பார்ப்பதில்லை. உடைந்த ஊசிப் பதிவேட்டை எடுப்பார். அதில் இரவு 7:40-க்கு ஊசி மாற்றியதாக டெய்லரின் பெயர் இருக்கும், வருகைப்பதிவிலோ அவர் 5:30-க்கே வெளியேறியிருப்பார். கேட் நோட்டு, ஜெனரேட்டர் டீசல் கணக்கு, அன்றைய உற்பத்திக் கணக்கு எல்லாவற்றையும் அதே மாதிரி ஒப்பிடுவார். அதிக மிகைநேரம் உண்மையாகப் பதிவாகியிருந்தால் பெரும்பாலும் திருத்தத் திட்டம் கேட்டு அவகாசம் தருவார்கள். பொய்ப் பதிவு என்று தெரிந்தால் பல பையர்கள் அதை இன்னும் கடுமையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மேனேஜரிடம் தனியாகப் பேசுங்கள். சனிக்கிழமை வேண்டாம், கூலி நாள். கன்டெய்னர் ஏற்றும் நாளுக்கு முந்தின நாளும் வேண்டாம். அடுத்த ஆடிட் தேதி அறிவிக்கும் முன்பே பேசிவிட வேண்டும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அண்ணா, ஆடிட் பேப்பர் வேலை மொத்தமும் நான் பாத்துக்கறேன். ரெண்டாவது ரிஜிஸ்டர் மட்டும் இனிமேல் என்னால எழுத முடியாது. ஊசி நோட்டோட அது ஒத்தே வரல, ஒரு நாள் மாட்டிக்கும். ஒரே ஒரு லைனுக்கு ஒரு மாசம் நிஜ நேரத்தைப் போட்டு, ஓ.டி. எவ்வளவு வருதுன்னு கணக்குப் பாத்துத் தரேன்.” வசனம் எதுவும் வேண்டாம். “எனக்கு இயேசு இருக்கார், நான் பொய் எழுத மாட்டேன்” என்று தொடங்கினால், நீங்கள் நல்லவள், அவர் கெட்டவர் என்றுதான் அவர் காதில் விழும். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சில எச்சரிக்கைகள். ரிஜிஸ்டரில் இன்னொருவர் கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள். அசல் பதிவை அழிக்கச் சொன்னால் செய்யாதீர்கள். சட்டரீதியாக உங்கள் நிலை என்ன என்று மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, தொலைபேசி 15100. அதற்கு முன் ஜெபக்குழுவில் இதைச் சாட்சியாகச் சொல்லிவிடாதீர்கள். செய்தி வேகமாகப் பரவும், திங்கட்கிழமைக்குள் கம்பெனிக்குப் போய்விடும்.

மேனேஜர் மறுத்தால் அங்கேயே காலம் தள்ளச் சொல்ல மாட்டேன். வெளியேறத் தேதி குறியுங்கள். வாடகை, தவணை, பள்ளிக் கட்டணம், அரிசி மளிகை எல்லாம் சேர்த்து மூன்று மாதச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். பையில் இருக்கும் கடிதத்துக்கு அன்றைக்குத்தான் வேலை. எகிப்தைவிட்டுப் புறப்பட்டவர்களும் இடுப்பில் கச்சை கட்டி, காலில் செருப்பு போட்டு, பிசைந்த மாவைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் புறப்பட்டார்கள்.

அந்த மூன்று மாதப் பணத்துக்கு முதல் ஊற்று எங்கே என்று கேட்பீர்கள். கூடுதலாகக் கொடுக்கும் 2,400-ஐ இந்த மாதமே நிறுத்துங்கள். டெய்லருக்குச் சேர வேண்டிய கூலியை காணிக்கைப் பெட்டி ஈடுசெய்யாது. சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்பதுதான் மலைப்பிரசங்கத்தின் வரிசை.

இனி சங்கீதம். அதை நீங்கள் சொல்லும் விதத்தில் அது ஜெபமாக இல்லை, பதற்றத்துக்கு மாத்திரையாகிவிட்டது. குத்துகிறது, சொல்கிறீர்கள், கொஞ்சம் ஆறுகிறது. அந்த ஆறுதலையே மூளை பழகிக்கொண்டு, அடுத்த முறை இன்னும் அதிகமாகக் கேட்கிறது. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரும் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து தன் குருவைக் களைக்க வைத்தவர்தான். இன்றிலிருந்து மாலையில் ஒரு முறை, உட்கார்ந்து, ஐந்து நிமிடம். கவனம் சிதறினால் சிதறிய இடத்திலிருந்தே தொடருங்கள், முதலுக்குப் போகக் கூடாது. போகச் சொல்லி உந்துதல் வரும். அதற்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுவிட்டு, ஒன்றும் செய்யாமல் இருங்கள். முதலில் எட்டு, ஒன்பது என்று ஏறும். அரைமணி, சில நாள் அதற்கும் மேல் ஆகலாம், தானாக இறங்கும். முதல் வாரம் இப்போதைவிடக் கஷ்டமாக இருக்கும். பலர் கைவிடுவது அங்கேதான். இரண்டு மணிக்கு விழித்தால் சங்கீதத்தைத் தொடாதீர்கள்.

கணவரிடம் இந்த பதிலைக் காட்டுங்கள். நீங்கள் “பாவமா?” என்று கேட்கும்போது அவர் சமாதானமும் சொல்லக் கூடாது, கோபப்படவும் கூடாது. “இதுக்கு நான் பதில் சொல்றதில்லைன்னு பேசி வச்சிருக்கோம்ல” என்று மட்டும் சொல்லட்டும். மேனேஜரிடம் பேசப் போவதையும் முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும், தவணை இருவருக்கும் பொதுவானது.

திருவிருந்து பற்றி ஒன்று. கொரிந்துவில் பவுல் கண்டித்தது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு வெட்கப்படுத்தியதை. “அபாத்திரமாய்” என்று வரும் வசனத்துக்கு அடுத்த வசனமே தன்னைச் சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது, விலகியிருக்கச் சொல்லவில்லை. மேனேஜரிடம் பேசுவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால் சோதித்தறிந்தாகிவிட்டது. ஆயரிடம் ஒரே ஒரு முறை பேசிவிட்டு, வருகிற முதல் ஞாயிறு எழுந்து போங்கள். அன்றும் மனம் குத்தலாம், குத்தட்டும்.

இந்தச் சுழல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தாலோ, ஒரு மாத முயற்சிக்குப் பிறகும் தூக்கம் திரும்பாவிட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். எண்ணச் சுழல் நோய்க்கு (ஓ.சி.டி.) நல்ல சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன. மருந்து விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கப் பவுல் சொன்ன யோசனையை நினைவூட்டுங்கள். டெலி-மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். ‘சாக வேண்டும்’ என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட, மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே அழைத்துவிடுங்கள்.